டேஷ்போர்டில் ஒரு ஓட்டை: பழைய ஸ்போர்ட்ஸ் காரும் அதன் பாட்டுப் பெட்டியும்

இந்த வார எபிசோடு ஒரு ஓட்டையைப் பற்றியது. அகலம் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர், உயரம் 5 சென்டிமீட்டர். அப்பாவோ சித்தப்பாவோ வச்சிருந்த பழைய கார்ல உட்கார்ந்திருந்தா நீங்களும் அதைப் பார்த்திருப்பீங்க. டேஷ்போர்டு நடுவுல ஸ்டீரியோ உட்கார்ந்திருக்கிற இடம். இப்போ வர்ற கார்கள்ல அந்த ஓட்டையே கிடையாது. ஒரு பெரிய டச் ஸ்க்ரீன் மொத்தத்தையும் முழுங்கிடுச்சு.

ஆனால் ஒரு 1966 எம்ஜிபி, ஒரு 1973 போர்ஷே 911, ஒரு 1984 கார்வெட் வைத்திருப்பவர்களுக்கு அந்த ஓட்டை இன்னும் தீராத வழக்கு. பழைய ரேடியோவைக் கழற்றிவிட்டு புளூடூத் உள்ள ஒன்றை வைக்கலாமா? வைத்தால் காரின் மதிப்பு இறங்குமா? ஒரு பக்கம், "ஒரிஜினலைத் தொடாதே" என்கிற ஆட்கள். இன்னொரு பக்கம், "என் கார், என் பாட்டு, உனக்கென்ன?" என்கிறவர்கள். ரெண்டு கட்சியும் வரலாற்றைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுது. சரி, அந்த சாட்சி என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்.

1930, அமெரிக்கா. பால் கால்வின் என்பவரின் சின்ன கம்பெனி, காருக்குள் பொருத்தக்கூடிய ஒரு ரேடியோவைச் செய்தது. அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாடு. உள்ளே ஸ்டால் போட கால்வினிடம் காசு இல்லை. தன் ஸ்டூடிபேக்கர் காரை வெளியே நிறுத்தி, ரேடியோவைச் சத்தமாகப் பாட விட்டு, போகிற வருகிறவர்களிடம் ஆர்டர் பிடித்தார். அந்த ரேடியோவுக்கு வைத்த பேர் மோட்டோரோலா. ஆமா, போன் கம்பெனியா நமக்குத் தெரிஞ்ச அதே மோட்டோரோலா. பிறகு கம்பெனியே அந்தப் பேருக்கு மாறியது.

அன்றைக்கு ரேடியோ வைப்பது சும்மா வேலை இல்லை. வால்வுகளுக்கு அதிக வோல்டேஜ் வேண்டும், அதற்குத் தனி பேட்டரிகள். இஞ்சினில் ஸ்பார்க் ப்ளக் ஒவ்வொரு முறை பொறி விடும்போதும் ரேடியோவில் 'கரகர' கேட்கும், அதை அடக்கத் தனி பாகங்கள். ஏரியலுக்காகக் கூரையின் உள் துணியைப் பிரிக்க வேண்டும். 1932-இல் ஜெர்மனியில், பின்னாளில் ப்ளாபுங்க்ட் என்று பேர் மாறிய ஐடியல் கம்பெனி, ஐரோப்பாவின் முதல் கார் ரேடியோவைக் கொண்டுவந்தது. எடை சுமார் 15 கிலோ. விலை 465 ரைஷ்மார்க், அன்றைய ஒரு காரின் விலையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. ப்ளாபுங்க்ட் என்றால் 'நீலப் புள்ளி'. சோதனையில் தேறிய ஹெட்போன்களில் ஒட்டிய நீலப் புள்ளிதான் கடைசியில் கம்பெனிக்கே பேராச்சு.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு ரேடியோவுமே காரைச் செய்தவர்கள் செய்தவை இல்லை. வெளியில் வாங்கி, பிறகு காரில் பொருத்தியவை. கார் ஆடியோ பிறந்ததே அப்கிரேடாகத்தான்.

ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்த வழக்கம் ரொம்ப நாள் நீடித்தது. எம்ஜிபி 1962-இல் வந்தது, போர்ஷே 911 1963-இல் அறிமுகமானது. இரண்டிலுமே ரேடியோ தனிக் காசு. வேண்டாம் என்றால் அந்த இடத்தில் ஒரு மூடித்தகடு இருக்கும். வேண்டும் என்றால் டீலர் பொருத்திக் கொடுப்பார். ஒருத்தருக்கு ப்ளாபுங்க்ட், இன்னொருத்தருக்கு பெக்கர், வேறொருத்தருக்கு ஒன்றுமே இல்லை. ஆக, 'இந்தக் காரின் ஒரிஜினல் ரேடியோ எது' என்ற கேள்விக்கு பல 911-களில் ஒற்றைப் பதில் கிடையாது. ஒரிஜினல் கட்சிக்கு இது முதல் அடி.

ஆனா உடனே கைதட்டிடாதீங்க, அப்கிரேடு கட்சிக்கும் அடி இருக்கு.

முதல் அடி மின்சாரத்தில். இன்றைய கார்களில் பேட்டரியின் மைனஸ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். 1967 கடைசி வரை வந்த எம்ஜிபிகளில் இது தலைகீழ்: பிளஸ் முனைதான் உடலோடு இருக்கும். ஆரம்பகால ஜாகுவார் இ-டைப்பிலும் அப்படித்தான். இன்றைய ஸ்டீரியோவின் உலோகக் கூடு மைனஸ். அதைக் கொண்டுபோய் பிளஸ் உடலில் திருகினால் நேரடி ஷார்ட். ஃப்யூஸ் போனால் நல்ல காலம், இல்லையென்றால் வயரே புகையும். அதனால் ஒரு பாட்டுக் கேட்பதற்காகக் காரின் மின்சார அமைப்பையே திருப்புகிறவர்கள் உண்டு. பேட்டரி இணைப்பை மாற்றி, டைனமோவுக்குப் புது துருவம் பழக்கி, இக்னிஷன் காயில் வயர்களை இடம் மாற்றி... ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். இதில் நல்ல விஷயம், செய்ததை எல்லாம் திரும்பவும் பழையபடி மாற்றிவிட முடியும்.

இரண்டாவது அடி கத்தரிக்கோலில். அதுக்கு முன்னாடி, என்னென்ன பெட்டிகள் வந்து போச்சுன்னு வேகமா சொல்லிடுறேன். 1955 கடைசியில் கிரைஸ்லர் கார்களில் இசைத்தட்டு வந்தது. ஆமாங்க, ஓடுற கார்ல ரெக்கார்ட் பிளேயர். ஹைவே ஹை-ஃபை என்று பேர். அதற்கென்றே தனியாக அச்சடித்த, நிமிடத்துக்கு 16⅔ சுற்று சுற்றும் 7 அங்குலத் தட்டுகள். வீட்டில் இருக்கும் தட்டு அதில் பாடாது. சில வருடங்களிலேயே கடையைக் கட்டினார்கள். 1960-களின் நடுவில் 8-ட்ராக் டேப், பிறகு கேசட், 1984-இல் பயனியர் கம்பெனியின் கார் சிடி பிளேயர். ஒவ்வொன்று வரும்போதும் முந்தையது குப்பை.

ஒவ்வொரு முறையும் பெட்டி மாறியபோது ஓட்டையும் மாறியது. பழைய ரேடியோக்களில் இடது பக்கம் ஒரு குமிழ், வலது பக்கம் ஒரு குமிழ், நடுவில் டயல். டேஷ்போர்டில் இரண்டு வட்டத் துளையும் நடுவில் ஒரு சின்ன நீள்சதுரமும் இருக்கும். கேசட் பெட்டி அதில் நுழையாது. அப்போ என்ன பண்ணாங்க? நடுவுல இருந்த இரண்டு உலோகத் துண்டை அறுத்து எறிஞ்சாங்க. ஸ்பீக்கருக்காகக் கதவின் உள்பலகையை வட்டமாக வெட்டினார்கள். பின்னால் இருந்த தட்டில் '6-க்கு 9' முட்டை வடிவ ஸ்பீக்கருக்கு ஓட்டை போட்டார்கள். ஆரம்பகால 911-இல் டேஷ்போர்டுக்குள் ஒரே ஒரு ஸ்பீக்கர்தான். 1970, 80-களில் அந்தக் கார் வெறும் பழைய கார், அவ்வளவுதான். யாருக்கும் அது புனிதப் பொருள் இல்லை. இன்று அதே காரைச் சீரமைக்கிறவர்களுக்கு, ரேடியோவைத் தேடிப் பிடிப்பதைவிட அறுத்த டேஷ்போர்டைச் சரிசெய்வதுதான் பெரிய செலவு. என்னைக் கேட்டால் ரேடியோவை மாற்றியதில் தப்பு இல்லை. ரம்பத்தை எடுத்ததுதான் தப்பு.

இந்த அறுவைக்கு முடிவு கட்டியது ஒரு அளவுகோல். ஜெர்மனியின் தர நிர்ணய அமைப்பான டின், ரேடியோவின் முகம் இத்தனை அகலம், இத்தனை உயரம் என்று வரையறுத்தது: 180 மில்லிமீட்டருக்கு 50. பிறகு அது உலகத் தரமாக, ஐஎஸ்ஓ 7736 ஆனது. எபிசோடு ஆரம்பத்துல சொன்ன ஓட்டை இதுதான். இனி எந்தக் கம்பெனி பெட்டியும் எந்தக் காருக்கும் பொருந்தும். இழுத்தால் வரும், தள்ளினால் உட்காரும்.

நல்லது தானே? திருடர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. எந்தப் பெட்டியும் எந்தக் காருக்கும் பொருந்தும் என்றால், திருடின பெட்டியை வாங்க எவனாவது ஒருத்தன் கட்டாயம் கிடைப்பான். 1980-களின் நியூயார்க்கில் கார் கண்ணாடியில் "இந்தக் காரில் ரேடியோ இல்லை" என்று எழுதி ஒட்டிவைப்பது சாதாரணக் காட்சி. திருடனுக்கு எழுதின கடிதம் அது! கைப்பிடி வைத்து மொத்தமாக உருவி எடுக்கும் பெட்டிகள் வந்தன. ஹோட்டலுக்குச் சாப்பிடப் போனவர்கள் மேஜை மேல் ரேடியோவை வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அடுத்து, முன்பக்கத்தை மட்டும் கழற்றிப் பாக்கெட்டில் போடும் வகை. பேட்டரியைப் பிடுங்கினால் ரகசிய எண் கேட்கும் வகை. இன்றைக்குப் பழைய கார் வாங்குபவர்களில் பலருக்கு அந்த எண் எழுதின அட்டை கிடைப்பதில்லை. ரேடியோ இருக்கும், ஆனால் வாயைத் திறக்காது.

கார் கம்பெனிகள் வேறு வழி யோசித்தன. ஓட்டையையே வேறு மாதிரி ஆக்கிவிட்டால்? இதில் ரொம்ப முக்கியமான கதை கார்வெட்டுடையது.

அமர் போஸ் பற்றித் தெரிந்திருக்கும். வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன ஒருவரின் மகன், எம்ஐடி பேராசிரியர், 1964-இல் போஸ் கம்பெனியைத் தொடங்கியவர். அவரும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து, ஒவ்வொரு கார் மாடலின் உள் அமைப்புக்கும் தனித்தனியாக அளந்து ஒலி அமைப்பைச் செய்தார்கள். 1983 மாடல் கெடிலாக் செவில் போன்ற கார்களில் முதலில் வந்தது, 1984 கார்வெட்டில் ஆப்ஷனாக வந்தது. இதன் சூட்சுமம்: ஆம்ப்ளிஃபயர் ரேடியோவுக்குள் இல்லை. ஒவ்வொரு ஸ்பீக்கரும் தனக்கென ஒரு பெட்டி, தனக்கென ஒரு ஆம்ப்ளிஃபயரோடு வந்தது.

ஏன் அப்படி? இங்கே கொஞ்சம் கணக்கு, பயப்படாதீங்க. கார் ஓடும்போது மின்சாரம் 14 வோல்ட் சொச்சம். சாதாரண ஆம்ப்ளிஃபயர் சர்க்யூட்டில் அதை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்கு 6 வாட் போல்தான் தள்ள முடியும். இரண்டு ஆம்ப்ளிஃபயரை எதிரெதிராக மாட்டினால் 20 வாட் சொச்சம் வரும். இன்று ஸ்டீரியோ பெட்டி மேல் '50 வாட் × 4' என்று போட்டிருக்கிறதே, அது ஒலியை உடைத்து நொறுக்கி எடுக்கும் உச்சக் கணக்கு. சுத்தமாகக் கேட்கக் கிடைப்பது அந்த 20 சொச்சம்தான். இதற்கு மேல் வேண்டும் என்றால் ஒரு வழி, வோல்டேஜை ஏற்றும் தனி ஆம்ப்ளிஃபயர். இன்னொரு வழி, ஸ்பீக்கரின் ஓம் அளவை 4-க்கு ரொம்பக் கீழே இறக்குவது. போஸ் பிடித்தது இரண்டாவது வழி. இரண்டு சீட், சத்தமான வி8 இஞ்சின், கண்ணாடியிழை உடல், இவ்வளவையும் மீறிப் பாட்டு கேட்க வேண்டுமே.

கேட்டது. அது பெரிய வெற்றி. ஆனால் நாற்பது வருடம் கழித்து அந்த ஆம்ப்ளிஃபயர்களுக்குள் இருக்கும் மின்தேக்கிகள் கசிகின்றன. ஒரு மூலையில் 'பட்பட்' சத்தம், இன்னொரு மூலை ஊமை. புது ஸ்டீரியோ வாங்கி நேராக மாட்டலாம் என்றால் நடக்காது. சாதாரணப் பெட்டி ஸ்பீக்கருக்குப் பலமான சிக்னல் அனுப்பும், இங்கே ஆம்ப்ளிஃபயர் எதிர்பார்ப்பது மெலிந்த சிக்னல். ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிவிட்டு அதே ஸ்பீக்கரை நேராக இணைத்தால் ஓம் அளவு ரொம்பக் குறைவு, புதுப் பெட்டி சூடேறிக் கருகும். ஆக மின்தேக்கிகளை மாற்றிப் பழையதைப் பிழைக்க வைக்க வேண்டும், அல்லது ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், வயர் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டும். நடு வழி கம்மி. எல்லாம் பொருந்தும்படி செய்த எம்ஜிபியின் ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோவைவிட, அந்தக் காருக்கென்றே செதுக்கிய இந்த அமைப்புதான் காலத்துக்குச் சீக்கிரம் பலியானது.

இப்போது நிலைமை என்ன? பழைய ரேடியோ வேலை செய்தாலும் கேட்க ஸ்டேஷன் வேண்டும். நார்வே 2017-இல் தேசிய எஃப்எம் ஒலிபரப்பை நிறுத்திவிட்டு டிஜிட்டலுக்குப் போனது. ஐரோப்பாவில் பல நாடுகளில் மீடியம் வேவ் ஸ்டேஷன்கள் மூடப்பட்டுவிட்டன. ஒரிஜினல் ரேடியோ, ஒரிஜினல் குமிழ், டயலில் முள் நகர்கிறது, வருவது வெறும் இரைச்சல். 'தொடாதே' கட்சிக்கு இதைவிடப் பெரிய சோதனை இல்லை.

இந்த இடத்தில் கார் கம்பெனியே கடை திறந்தது. 2020-இல் போர்ஷே பழைய கார்களுக்கென்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்தது. அதே 180-க்கு 50 அளவு, இரண்டு பக்கமும் குமிழ், நடுவில் 3.5 அங்குலத் திரை, அதில் ஆப்பிள் கார்ப்ளே. 1960-களின் முதல் 911-லிருந்து 1990-களின் 993 வரைக்கும் நுழையும். விலை 1,400 யூரோவுக்கு மேல். ப்ளாபுங்க்ட் பெயரிலும் 1980-களின் ப்ரேமன் மாடல் மறுபடி வந்தது, முகம் பழசு, உள்ளே டிஜிட்டல் ரேடியோ, புளூடூத். அந்தப் பெயர் இப்போது உரிமம் பெற்று வேறு கம்பெனிகள் பயன்படுத்துவது.

மூன்றாவது வழியும் உண்டு. பழைய ரேடியோவின் குடலை மட்டும் எடுத்துவிட்டு, உள்ளே புதுச் சர்க்யூட் வைப்பது. வெளியிலிருந்து பார்த்தால் 1966. குமிழைத் திருப்பினால் போனில் இருக்கும் பாட்டு. பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இது கொஞ்சம் உறுத்தும். முகத்தைக் காப்பாத்தி மூளையை எறிஞ்ச மாதிரி. வேலை செய்யும் ஒரு வால்வு ரேடியோவை இப்படிக் காலி செய்வதைவிட, அதை அப்படியே கழற்றித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, ஓட்டையில் புதுப் பெட்டியை மாட்டுவதே எனக்குச் சரி என்று படுகிறது. பழைய மூலைத் திருகுகள், பிடிப்புத் தகடு, குமிழ்கள், எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, மேலே காரின் நம்பரை எழுதி வையுங்கள். கார் விற்கும்போது அந்தப் பையும் காரோடு போகட்டும். வாங்குகிறவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

அடுத்த வாரம் இன்னொரு பொருளோட வரலாறோட வர்றேன்.