கடலூர் சிப்காட்டும் பி.வி.சி.யின் கதையும்

சிதம்பரத்தில் இருந்து கடலூருக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு சிப்காட் தெரிந்திருக்கும். அங்கேதான் 2009 முதல் கெம்ப்ளாஸ்ட் சன்மாரின் பி.வி.சி. ஆலை ஓடுகிறது. நம் வீட்டு போர்வெல் பைப், ஒயரின் மேலுறை எல்லாம் பி.வி.சி.தான் நண்பர்களே.

முதலில் கொஞ்சம் கெமிஸ்ட்ரி (பயப்பட வேண்டாம்!). வினைல் குளோரைடு என்பது ஒரு வாயு. அதன் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்தால் பி.வி.சி. எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். 1872-ல் ஜெர்மனியில் பௌமான் என்பவர், வெயில் பட்ட குடுவைக்குள் வெள்ளைப் பொடியாக இதைப் பார்த்தார். ஆனால் அது எதற்கும் வளைந்து கொடுக்கவில்லை. 1926-ல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் கம்பெனியில் வால்டோ சீமன் அதை வளைய வைத்தார். அதே குட்ரிச்சின் கூட்டோடுதான் 1967-ல் மேட்டூரில் பி.வி.சி. தயாரிப்பு தொடங்கியது.

1974 ஜனவரியில் ஒரு குண்டு விழுந்தது. அமெரிக்காவில் லூயிவில் நகர குட்ரிச் ஆலைத் தொழிலாளர்கள் சிலர், கல்லீரலில் வரும் மிக அரிதான ஆஞ்சியோசார்கோமா புற்றுநோயால் இறந்தது வெளியே தெரிந்தது. கலன்களுக்குள் இறங்கிச் சுரண்டிச் சுத்தம் செய்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அதுவரை காற்றில் 500 பி.பி.எம். வரை அனுமதி. அதே ஆண்டில் அதை 1 பி.பி.எம். என்று குறைத்தார்கள். எத்தனை வருடம் அந்த 500-ஐ சுவாசித்தார்களோ, பாவம்.

இதில் கொடுமை என்னவென்றால், மூக்கு இதைக் காட்டிக் கொடுக்காது. சுமார் 3000 பி.பி.எம். ஆன பிறகுதான் லேசான இனிப்பு வாசனை தெரியும். கருவிதான் கதி.

கருவியைக் கையில் எடுத்தது நம்ம ஊர்க்காரர்கள்தான். 2004-ல் சிப்காட் ஓரக் கிராமத்து மக்கள், பக்கெட்டுக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனங்களும் அதில் இருந்தன. பி.வி.சி. ஆலை வந்தது அதற்கு 5 வருடம் கழித்து. அந்தக் கணக்கை அதன் தலையில் எழுத முடியாது.

இந்த ஆலைக்கு வினைல் குளோரைடு கப்பலில் திரவமாக வருகிறது. கொதிநிலை மைனஸ் 13 டிகிரி. அதாவது கடலூர் வெயிலில் கசிந்தால் உடனே வாயுதான். 2023-ல் அமெரிக்காவின் ஒஹையோவில் ரயில் கவிழ்ந்தபோது, வெடித்துவிடுமோ என்று பயந்து 5 டேங்கர் வினைல் குளோரைடை அதிகாரிகளே எரித்தார்கள். அதற்கு முன்பே சுற்றியிருந்த மக்களை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.