குறைந்த கிளைசெமிக் குறியீட்டு உணவுகளால் உடல் எடை குறையுமா? ஆய்வுகள் கூறுவது என்ன?

உடல் எடையைக் குறைக்க விரும்புவோரிடையே 'லோ ஜிஐ' எனப்படும் குறைந்த கிளைசெமிக் குறியீட்டு உணவுகள் குறித்த ஆர்வம் அதிகரித்துள்ளது. அரிசி, ஆட்டா, பிஸ்கட் உறைகளிலும் இச்சொல் இடம்பெறத் தொடங்கிவிட்டது. இவ்வகை உணவுகளை உண்பதால் மட்டும் எடை குறைந்துவிடுமா, அதற்கு எந்த அளவுக்கு அறிவியல் ஆதாரம் உள்ளது, அன்றாட இந்திய உணவில் இதை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பன குறித்த விவரம் வருமாறு:

கிளைசெமிக் குறியீடு என்றால் என்ன?

கார்போஹைட்ரேட் எனப்படும் மாவுச்சத்து உள்ள ஓர் உணவு, உண்ட பின் இரத்தத்தில் உள்ள சர்க்கரையின் அளவை எவ்வளவு விரைவாக, எவ்வளவு உயர்த்துகிறது என்பதைக் காட்டும் எண்ணே கிளைசெமிக் குறியீடு. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸ் தலைமையிலான குழுவினர் 1981-ஆம் ஆண்டு இதனை அறிமுகப்படுத்தினர். நீரிழிவு நோயாளிகளுக்கு ஏற்ற உணவைக் கண்டறிவதே அவர்களது முதன்மை நோக்கமாக இருந்தது. எடைக் குறைப்புடன் இது பின்னர் இணைக்கப்பட்டது.

தூய குளுக்கோஸின் மதிப்பு 100 எனக் கொள்ளப்படுகிறது. குறைந்தது 10 ஆரோக்கியமான நபர்களுக்கு, வழக்கமாக 50 கிராம் மாவுச்சத்து அடங்கிய அளவில் ஓர் உணவு வழங்கப்பட்டு, அடுத்த 2 மணி நேரம் அவர்களது இரத்தச் சர்க்கரை அளவிடப்படுகிறது. அது குளுக்கோஸுடன் ஒப்பிடப்பட்டுக் குறியீடு கணக்கிடப்படுகிறது. 55 வரை குறைவு, 56 முதல் 69 வரை நடுத்தரம், 70-க்கு மேல் அதிகம் என உணவுகள் வகைப்படுத்தப்படுகின்றன.

எந்த உணவுக்கு எவ்வளவு?

2008-ஆம் ஆண்டு வெளியான சர்வதேச அட்டவணையின்படி, சில உணவுகளின் சராசரி மதிப்புகள்:

குறைவு: ராஜ்மா 24, கொண்டைக்கடலை 28, பார்லி 28, ஆப்பிள் 36, பால் 39, ஆரஞ்சு 43, வாழைப்பழம் 51, சப்பாத்தி 52.

நடுத்தரம்: சர்க்கரைவள்ளிக் கிழங்கு 63, சர்க்கரை 65, தவிடு நீக்காத அரிசிச் சோறு 68.

அதிகம்: வெள்ளை அரிசிச் சோறு 73, முழு கோதுமை பிரெட் 74, வெள்ளை பிரெட் 75, தர்பூசணி 76, வேகவைத்த உருளைக்கிழங்கு 78, கார்ன் பிளேக்ஸ் 81.

இவை நிலையான எண்கள் அல்ல. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 235 அரிசி வகைகளை ஆராய்ந்தபோது, அவற்றின் குறியீடு 48 முதல் 92 வரை வேறுபடுவது தெரியவந்தது. இந்தியாவில் பரவலாகப் பயிரிடப்படும் 'ஸ்வர்ணா' ரகம் குறைந்த குறியீடு கொண்டவற்றுள் ஒன்றாக இருந்தது. தானியத்தைத் தீட்டுதல், நைசாக அரைத்தல், குழைய வேகவைத்தல் ஆகியவை குறியீட்டை உயர்த்துகின்றன. நார்ச்சத்து, புரதம், கொழுப்பு, புளிப்புத் தன்மை ஆகியவை அதனைக் குறைக்கின்றன.

அளவும் முக்கியம்

கிளைசெமிக் குறியீடு உணவின் தன்மையை மட்டுமே காட்டும். உண்ணும் அளவைக் கணக்கில் கொள்ளாது. இக்குறையை ஈடுசெய்ய 'கிளைசெமிக் சுமை' என்ற அளவீடு பயன்படுத்தப்படுகிறது. குறியீட்டை, உண்ணும் உணவில் உள்ள மாவுச்சத்தின் கிராம் அளவால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் இது கிடைக்கும். 10 வரை குறைவு எனவும், 20-க்கு மேல் அதிகம் எனவும் கொள்ளப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, தர்பூசணியின் குறியீடு 76. ஆனால் 120 கிராம் பழத்தில் மாவுச்சத்து ஏறத்தாழ 6 கிராம் மட்டுமே என்பதால் அதன் சுமை 5-க்கும் குறைவு. ஒரு கிண்ணம் (150 கிராம்) வெள்ளைச் சோற்றில் சுமார் 40 கிராம் மாவுச்சத்து உள்ளதால் அதன் சுமை 29. இரண்டு கிண்ணம் உண்டால் அது 58 ஆகிவிடும்.

எடைக் குறைப்புக்கு ஆதாரம் உள்ளதா?

இரத்தச் சர்க்கரை விரைவாக உயர்ந்து விரைவாகத் தணியும்போது பசி சீக்கிரம் திரும்புகிறது என்பதும், மெதுவாகச் செரிக்கும் உணவு நீண்ட நேரம் வயிறு நிறைந்த உணர்வைத் தருகிறது என்பதும் இம்முறையை ஆதரிப்போரின் வாதம்.

எனினும் ஆய்வு முடிவுகள் நிதானமாகவே உள்ளன. கோக்ரேன் அமைப்பு 2007-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், 202 பேர் பங்கேற்ற 6 ஆய்வுகள் ஒப்பிடப்பட்டன. குறைந்த குறியீட்டு உணவை உண்டோர், பிற உணவு முறைகளைப் பின்பற்றியோரைவிடச் சராசரியாக சுமார் 1 கிலோ கூடுதலாக எடை குறைந்திருந்தனர். 1,210 பேர் பங்கேற்ற 10 ஆய்வுகளை உள்ளடக்கி 2023-இல் வெளியான புதிய தொகுப்போ, இரு தரப்பினருக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை எனத் தெரிவித்தது.

குறைத்த எடை மீண்டும் கூடாமல் தடுப்பதில் ஓரளவு பயன் தென்பட்டது. ஐரோப்பாவின் 8 நாடுகளில் நடைபெற்று 2010-இல் வெளியான 'டயோஜெனிஸ்' ஆய்வில், ஏற்கெனவே எடையைக் குறைத்திருந்த 773 பேர் 26 வாரங்கள் கண்காணிக்கப்பட்டனர். உயர் குறியீட்டு உணவை உண்டோரைவிட, குறைந்த குறியீட்டு உணவை உண்டோருக்கு மீண்டும் கூடிய எடை ஏறத்தாழ 1 கிலோ குறைவாக இருந்தது. இதனுடன் புரதமும் கூடுதலாக இருந்தபோது பலன் சிறப்பாக அமைந்தது.

எடை குறைய வேண்டுமெனில், உடல் செலவிடும் ஆற்றலைவிட உணவின் மூலம் பெறும் ஆற்றல் குறைவாக இருக்க வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை. மேற்கண்ட சர்வதேச அட்டவணையில் வேகவைத்த உருளைக்கிழங்கின் மதிப்பு 78. எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு சிப்ஸின் மதிப்போ 56. கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதே இதற்குக் காரணம். குறியீடு குறைவு என்பதற்காக சிப்ஸ் எடையைக் குறைக்காது.

இந்தியர்களுக்கு ஏன் முக்கியம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 'இண்டியாப்' ஆய்வின் 2023-ஆம் ஆண்டு முடிவுகளின்படி, நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு உள்ளது. 13.6 கோடி பேர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் உள்ளனர். வயது வந்தோரில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பகுதியில் உடல் பருமன் காணப்படுகிறது.

இதே ஆய்வின் உணவு தொடர்பான முடிவுகள் 2025-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியாயின. இந்தியர்கள் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே கிடைக்கிறது. மொத்த அளவைக் குறைக்காமல், வெள்ளை அரிசிக்குப் பதிலாக அரைத்த முழு கோதுமை அல்லது சிறுதானிய மாவுக்கு மாறுவதால் மட்டும் நீரிழிவு அல்லது வயிற்றுப் பருமனுக்கான அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என அது சுட்டிக்காட்டியது. சோற்றை விட்டுவிட்டு அதற்கு ஈடாகச் சப்பாத்திகளை அடுக்கி உண்போர் இதனைக் கவனிக்க வேண்டும்.

தட்டில் செய்ய வேண்டிய மாற்றங்கள்

ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, மொத்த ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2,000 கலோரி உணவுக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம், பருப்பு அல்லது முட்டை, இறைச்சி 85 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி லிட்டர் ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. எடையைக் குறைக்க விரும்புவோர் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கலாம்:

* சோறு அல்லது சப்பாத்தியின் அளவைக் குறைத்து, அந்த இடத்தைக் காய்கறி, பருப்பு, சுண்டல், தயிர் ஆகியவற்றால் நிரப்பலாம்.

* முதலில் காய்கறியையும் புரத உணவையும் உண்டு, இறுதியில் சோற்றை உண்டால் சர்க்கரை உயர்வு மட்டுப்படும்.

* சிறுதானியங்களைக் கஞ்சியாகவோ நைசான மாவாகவோ உண்பதைவிட, முழு மணிகளாகச் சமைத்து உண்பது நல்லது.

* பழச்சாற்றைத் தவிர்த்து, பழத்தை அப்படியே உண்ணலாம்.

* உணவுக்குப் பின் சிறிது நேரம் நடப்பதும் இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க உதவும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகளைப் பயன்படுத்துவோர் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். அவர்களும், கர்ப்பிணிகளும், சிறுநீரக நோய் உள்ளோரும் மருத்துவரின் ஆலோசனை பெற்ற பின்னரே உணவு முறையை மாற்ற வேண்டும்.

எடை இயந்திரத்துடன் அளவு நாடாவையும் பயன்படுத்துவது நல்லது. இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டி மீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டி மீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது மருத்துவ அளவுகோலாகும். கிளைசெமிக் குறியீடு, எந்த உணவைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு வழிகாட்டும். எவ்வளவு உண்பது என்பதை உண்பவரே தீர்மானிக்க வேண்டும்.