காலிலிருந்து காயிலுக்கு

இங்கிலாந்தின் சில்டர்ன் குன்றுகளில், பீச் மரக்காட்டுக்குள்ளேயே கொட்டகை போட்டு நாற்காலிக் கால்களைக் கடைந்து பிழைத்தவர்களுக்கு 'பாட்ஜர்' என்று பெயர். அவர்களுடைய கடைசல் பொறி பெரும்பாலும் மரத்தால் ஆனது. தலைக்கு மேலே வளைந்துகொடுக்கும் நீளமான கழி ஒன்று இருக்கும். அதன் நுனியில் கட்டிய கயிறு, கடைய வேண்டிய கட்டையை ஒரு சுற்றுச் சுற்றி, கீழே மிதிபலகையில் வந்து முடியும். மிதித்தால் கட்டை உளியை நோக்கிச் சுழலும். காலைத் தளர்த்தினால் கழி நிமிர்ந்து கயிற்றை மேலே இழுக்கும், கட்டை எதிர்த்திசையில் வெறுமனே சுற்றும். மிதிக்கும்போது மட்டும்தான் உளிக்கு வேலை. இப்படிக் கடைந்த கால்கள் ஹை விக்கம் ஊர்ப் பட்டறைகளுக்குப் போய் நாற்காலியாகும். 1870களில் அங்கே நாளொன்றுக்குச் சுமார் 4,700 நாற்காலிகள் தயாரானதாகக் கணக்கு.

அந்தப் பொறியில் எரிந்துபோக ஒன்றுமில்லை. உளியைக் கொஞ்சம் ஆழமாக வைத்துவிட்டால் கயிறு வழுக்கும், இல்லையென்றால் கால் தயங்கும். பாரம் கூடியது கடைபவரின் தொடைக்கு உடனே தெரிந்துவிடும். இந்தத் தகவல் எந்தக் காலத்தில், யாருக்குத் தெரியாமல் போனது என்பதுதான் கடைசல் மோட்டாரின் கதை.

ஆள்பலத்தின் காலம் மிக நீண்டது. எகிப்தில் பெட்டோசிரிஸ் என்ற குருவின் கல்லறையில், கி.மு. 300ஐ ஒட்டிய செதுக்கோவியம் ஒன்றில், ஒருவர் வாரை இழுத்துக் கட்டையைச் சுழற்ற, இன்னொருவர் உளி பிடிக்கிறார். இந்தியக் கடைசல்காரர் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் வில்லை இழுத்து, மறு கையாலும் கால் விரல்களாலும் உளியைப் பிடித்துக்கொண்டார். ஐரோப்பாவில் கனமான வேலைக்குப் பெரிய சக்கரம் வந்தது. அதைச் சுற்றத் தனி ஆள். ஃபார்னம் ஊரில் தந்தையின் வண்டிப் பட்டறையை 1884இல் ஏற்ற ஜார்ஜ் ஸ்டர்ட், 1923இல் வெளியிட்ட நூலில் இந்தச் சிரமத்தைச் சொல்கிறார். வண்டிச் சக்கரத்தின் குடத்தைக் கடைவதென்றால் பெருஞ்சக்கரத்தைச் சுற்றும் ஆட்களின் முதுகு ஒடிந்துவிடும். அவரே பிற்பாடு எரிவாயு எஞ்சின் வாங்கிவைத்தார். அவரை யார் குறை சொல்ல முடியும்?

நாள் முழுக்க உழைக்கும் ஓர் ஆள் தொடர்ந்து தரக்கூடிய ஆற்றல் சுமார் 75 வாட். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஒரே ஒரு குதிரைத்திறன் மோட்டார் பத்துப் பேரின் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

அதற்கு முன்னால், நீராவி ஆலைகளில், கூரையை ஒட்டி ஓடும் நீண்ட தண்டிலிருந்து தோல் பெல்ட் மூலம் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் விசை இறங்கியது. அங்கேயும் பாரம் மிஞ்சினால் பெல்ட் கிறீச்சிட்டு வழுக்கும். சில சமயம் கழன்று விழும். ஆபத்தானதுதான், ஆனால் ஊருக்கே கேட்கும் எச்சரிக்கை அது. 1888இல் டெஸ்லா தூண்டல் மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி என்ற பொறியாளர் மூன்று ஃபேஸில் அதை ஓடவிட்டார். கடைசல் லேத்துக்கென்று தனி மோட்டார் வந்தபோதுதான் எச்சரிக்கை மௌனமானது.

உளி சிக்கி மோட்டார் நின்றுவிட்டால், அது வழக்கமாக இழுப்பதைவிட ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், ஆறு மடங்கு என்றால் 36 மடங்கு சூடு. வோல்டேஜ் குறைந்தாலும் இதே கதிதான். 230 வோல்ட் 180க்கு இறங்கினால் மோட்டாரின் முறுக்குவிசை 61 சதவீதமாகச் சுருங்கும். அதே மரத்தைக் கடைய அது இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுத்தாக வேண்டும்.

மரப்பட்டறைக்கே உரிய வில்லன் ஒருவன் இருக்கிறான்: தூள். சிங்கிள் ஃபேஸ் மோட்டார் கிளம்புவதற்கு ஒரு துணைச் சுருளும் கெப்பாசிட்டரும் வேண்டும். வேகம் பிடித்ததும் உள்ளே இருக்கும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் 'டக்' என்று அவற்றைத் துண்டிக்கும். நைஸ் தூள் அதில் அடைந்து சுவிட்ச் ஒட்டிக்கொண்டால், சில நொடி மட்டும் ஓட வேண்டிய சுருள் ஓடிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் கருகும் வாசனை. பிறகு ரீவைண்டிங் கடைதான்.

சுருள், அதாவது காயில், எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு 1930இல் மான்ட்சிங்கர் என்ற பொறியாளர் ஒரு வழி சொன்னார். மின்மாற்றிகளை ஆராய்ந்த அவர், சுமார் 8 டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் காப்புப்பொருளின் ஆயுள் பாதியாகிறது என்றார். மோட்டார் தொழில் அதை 10 டிகிரி என்று வைத்துக்கொண்டது.

ஊமையான மோட்டாருக்கு மறுபடி வாய் கொடுத்தவர் ஜான் ஸ்பென்சர். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஒரு மர ஆலையில் கொதிகலனைப் பார்த்துக்கொண்ட இளைஞர் அவர். சூடும் குளிரும் மாறும்போது அடுப்பின் இரும்புக் கதவு 'டப்' என்று குதித்து வளைவதைக் கவனித்ததாகச் சொல்வார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் இருவேறு உலோகத் தகடு ஒட்டிய வட்டு. சூடேறினால் அது சட்டென்று புரண்டு மின்சாரத்தை நிறுத்தும். இன்று பல மோட்டார்களின் ஓரத்தில் இருக்கும் சிவப்புப் பொத்தானுக்குப் பின்னால் வேலை செய்வது இந்த வட்டுதான்.

சூடு எப்போதும் எதிரி அல்ல. சென்னபட்டணா பொம்மைக்காரர் சுழலும் வெட்பாலைக் கட்டையில் அரக்குக் குச்சியை அழுத்தும்போது, உராய்வுச் சூட்டில்தான் அரக்கு உருகி நிறமாகப் படிகிறது. காய்ந்த தாழை மடலை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு. சூடு கட்டையில் இருக்கட்டும், காயிலில் வேண்டாம்.

இப்போது வேகத்தைக் குமிழால் கூட்டிக் குறைக்கும் லேத்துகள் வந்துவிட்டன. மூடிய மோட்டாரின் காற்றாடி அதன் தண்டிலேயே மாட்டியிருப்பதால், வேகம் குறைந்தால் காற்றும் குறையும். ஆனால் பெரிய கிண்ணத்தை மெதுவாகத்தான் கடைய வேண்டும், பாரம் அதிகமாவதும் அப்போதுதான். அதனால் மெதுவாக ஓட்ட வேண்டுமென்றால் குமிழைத் திருகுவதோடு நிற்காதீர்கள். பெல்ட்டைச் சிறிய மோட்டார்ப் புல்லிக்கு மாற்றுங்கள், மோட்டார் தன் வேகத்தில் ஓடட்டும்.