பார்வையற்ற பாடகரும் பன்னிரண்டு பாட்டுகளும்

அமெரிக்க நாட்டிலே பாட்டுக்கும் நிறப்பிரிவு கற்பிக்கப்பட்டிருந்தது. கறுப்பின மக்கள் பாடிய இசைத்தட்டுகளை 'இனத் தட்டுகள்' என வேறாக்கி விற்றனர். 1949ஆம் ஆண்டில் பில்போர்ட் என்னும் இசைவணிக ஏடு அப்பெயரை 'றிதம் அன்ட் புளூஸ்' என மாற்றிற்று. பட்டியல் மட்டும் வேறாகவே நின்றது. அப்பட்டியலிற் புகழ்பெற்ற ரே சார்ள்ஸ் என்பார் 1959இல் வெளியிட்ட நெடுந்தட்டு ஒன்றைப் பற்றியே நேயர்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

அவர் 1930இல் ஜோர்ஜியா மாநிலத்திற் பிறந்தவர். ஏழு வயதளவிற் கண்ணொளியை முற்றாக இழந்து, புளோரிடாவில் விழிப்புலனற்றோர் பள்ளியிற் சேர்ந்தார். அங்கும் வெள்ளைப் பிள்ளைகள் வேறு, கறுப்புப் பிள்ளைகள் வேறு. நிறம் இன்னதென்று காணவே இயலாத குழந்தைகளை நிறத்தாற் பிரித்துவைத்த விந்தையை என்னென்பது! இசைக்குறிப்புகளைப் புள்ளியெழுத்தில் விரலால் தடவிப் படித்து, மனத்திற் பதித்து, அதன் பின்னரே பியானோவில் வாசித்துப் பழகினார்.

தேவாலயப் பாட்டின் உருக்கத்தைக் காதற்பாட்டில் ஏற்றியதே அவர் செய்த புதுமை. 'சோல்' என்னும் இசைவகை அவ்வழியே வளர்ந்தது. பக்தர் பலர் சினந்தனர். தேவாரப் பண்ணைக் காதற்பாட்டுக்கு இரவல் கொண்டால் நம்மவர் என்ன சொல்வர் என்று எண்ணிப் பார்த்தால், அச்சினத்தின் அளவு விளங்கும்.

'தி ஜீனியஸ் ஒவ் ரே சார்ள்ஸ்' என்னும் அத்தட்டை அற்லாண்டிக் நிறுவனம் வெளியிட்டது. பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு பாட்டுகள். முதற்பக்கத்தில், கவுன்ட் பேஸி, டியூக் எலிங்டன் ஆகியோரின் குழுக்களைச் சேர்ந்த கலைஞர் பலர் பித்தளைக் குழல்களை முழக்குகின்றனர். குவின்சி ஜோன்ஸ் சில பாட்டுகளுக்கு இசையமைப்பு வகுத்தார். மறுபக்கத்தில் முழக்கம் அடங்குகிறது. ரால்ஃப் பேர்ன்ஸ் வகுத்த வயலின் வரிசைகளின் நடுவே, 'பாலட்' எனப்படும் மெதுநடைப் பாட்டுகளைக் குரல் தழுதழுக்கப் பாடுகிறார்.

இத்தட்டின் பாட்டுகளுட் பல 'ஸ்டாண்டர்ட்' எனப்படுபவை. பலர் பாடிப் பல்லாண்டு நிலைத்தவை. ஏர்விங் பேர்லின் 1911இல் இயற்றிய பாட்டும் அவற்றுள் ஒன்று. வயலின் சூழ்ந்த மெல்லிசை வெள்ளைப் பாடகருக்கே உரியதென வணிகர் பெரும்பாலும் கருதிய காலம் அது. ரே சார்ள்ஸ் அவர்களைப் போலப் பாட முயலவில்லை. தேவாலயத்தின் கதறலையும் விம்மலையும் உடன்கொண்டே அப்பாட்டுகளுட் புகுந்தார். இரண்டாம் பக்கமே இத்தட்டின் உயிர் என்பது என் துணிபு.

அதே பேர்ன்ஸின் துணையுடன் 1960இல் அவர் பாடிய 'ஜோர்ஜியா ஒன் மை மைன்ட்' நாட்டின் முதலிடத்தைப் பிடித்தது. அதுவும் 1930இல் இயற்றப்பட்ட பழம்பாட்டே. மறு ஆண்டு, ஜோர்ஜியாவின் ஓகஸ்ரா நகரில் நடன அரங்கின் தளம் வெள்ளையருக்கு மட்டும், கறுப்பினத்தவர் மாடத்தில் நிற்பதென்று அறிந்ததும், அங்கே பாட மறுத்தார். ஒப்பந்தத்தை மீறியமைக்காக நட்டஈடும் செலுத்த நேர்ந்தது. அம்மாநிலம் அவருக்குத் தடை விதித்ததாகத் திரைப்படம் ஒன்று காட்டியது, அது உண்மையன்று. 1979இல் அம்மாநிலச் சட்டமன்றத்திலே அவர் அப்பாட்டைப் பாடினார். அவ்வாண்டே அது மாநிலத்தின் பாட்டாக ஏற்கப்பட்டது.