பழைய இங்க்ஜெட் பிரிண்டர்: பழுதும் சீரமைப்பும்

மை தெளித்து அச்சிடும் இங்க்ஜெட் பிரிண்டர் பல காரணங்களால் நின்றுபோகலாம். ஆனால் வயதான இயந்திரங்களில் பெரும்பாலானவை இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கின்றன. தாளுக்குப் போக வேண்டிய மை வழியிலேயே உலர்ந்துவிடுவது ஒன்று. தாளுக்குப் போகாமல் கழிவாக இறங்கிய மை, இயந்திரத்தின் அடியில் உள்ள பஞ்சில் நிரம்பிவிடுவது இன்னொன்று. முதல் பழுதைத் தீர்க்க, மை தெளிக்கும் தலையான ஹெட்டை மையாலேயே சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங்கை ஓயாமல் கொடுப்பவர் இரண்டாவது பழுதைத் தாமே வரவழைத்துக்கொள்கிறார். இந்தத் தொடர்பு தெரியாததால் இன்னும் சில ஆண்டுகள் ஓடக்கூடிய எத்தனையோ பிரிண்டர்கள் பரணுக்குப் போய்விடுகின்றன.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகே இருக்கும் கச்சிராயபாளையம் போன்ற ஊர்களில் பிரிண்டர் நின்றுபோவது வீட்டுச் சாமான் பழுதாக மட்டும் நின்றுவிடுவதில்லை. சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா, சிட்டா எல்லாம் இணையத்துக்கு வந்துவிட்டன. ஆனாலும் அவை கைக்கு வந்து சேரும் கடைசிப் படி ஜெராக்ஸ் கடையிலோ இ-சேவை மையத்திலோ இருக்கும் ஒரு பிரிண்டர்தான். வெள்ளிமலைப் பக்கத்து ஊர்களிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வந்தவரிடம் “பிரிண்டர் ஓடலீங்க, நாளைக்கு வாங்க” என்று சொன்னால், அவருக்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகிறது. கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டமாக இயங்குகிறது. அலுவலகங்கள் கிட்டே வந்தன. ஆனால் மலைப்பாதையின் நீளம் குறையவில்லை.

அரைகுறையாக ஓடும் பிரிண்டரும் தொல்லைதான். மை தெளிக்கும் நுண்துளைகளான நாசில்களில் சில அடைபட்டால் எழுத்து வரிகளின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோடு எழுத்துகளின் தலைக்கு மேலாகப் போனால் மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போய்விடும். ‘க்’ வெறும் ‘க’ ஆகிவிடும். சிறிய எழுத்தில் அச்சான சான்றிதழில் தகப்பனார் பெயரும் ஊர்ப்பெயரும் இப்படி மாறி நின்றால் வாசிக்கிறவர் தடுமாறுவார். லேசாகத்தானே கோடு விழுகிறது என்று விடக் கூடாது என்பதற்குத் தமிழில் இந்தத் தனிக் காரணம் உண்டு.

இயங்கும் விதம்

ஜப்பானின் கேனான் நிறுவன ஆய்வுக்கூடத்தில் 1977இல் சூடான சால்டரிங் இரும்பு, மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசியில் தற்செயலாகப் பட்டது. மை பீறிட்டு வெளியே வந்தது. அதைக் கவனித்த பொறியாளர் இச்சிரோ எண்டோவின் சிந்தனையிலிருந்து வெப்பமுறை இங்க்ஜெட் அங்கே பிறந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் எச்பி நிறுவனமும் தனியாக இதே முறையைக் கண்டடைந்து, 1984இல் திங்க்ஜெட் என்ற பிரிண்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவற்றில் ஒவ்வொரு நாசிலுக்குப் பின்னாலும் ஒரு நுண்ணிய சூடேற்றி இருக்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைந்த நேரத்தில் அது சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூடாகிறது. மையில் நீராவிக் குமிழி எழுந்து ஒரு துளியை வெளியே தள்ளுகிறது. எப்சன் பிரிண்டர்களில் சூடே கிடையாது. மின்னழுத்தம் பட்டால் வளைந்துகொடுக்கும் பீசோ படிகம் மையை அழுத்தித் தள்ளுகிறது.

பழுது பார்க்கிறவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். மை இல்லாமல் வறட்டு அச்சு ஓட்டினால் வெப்பமுறை ஹெட் கருகிவிடும். பீசோ ஹெட் கருகாது, ஆனால் உள்ளே காற்றுக் குமிழி புகுந்தால் மை நகராது. எச்பியின் சிறிய வீட்டு மாடல்களிலும் கேனானின் பல மாடல்களிலும் ஹெட் கேட்ரிட்ஜோடு ஒட்டியே வருவதால், புதிய கேட்ரிட்ஜ் போட்டாலே புது ஹெட் கிடைத்துவிடுகிறது. மை ஊற்றும் தொட்டி கொண்ட கேனானின் ஜி வரிசை டாங்க் பிரிண்டர்களில் கறுப்புக்கு ஒன்று, வண்ணத்துக்கு ஒன்று என இரண்டு ஹெட்கள். இரண்டையும் கழற்றி மாற்றலாம். எப்சனில் ஹெட் இயந்திரத்தோடு சேர்ந்தது. அதை மாற்றும் செலவு பல நேரம் புது பிரிண்டர் விலையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

முதலில் பார்க்க வேண்டியவை

பழுது பிரிண்டரிலா கம்ப்யூட்டரிலா என்று பிரித்துக்கொள்ளாமல் திருப்புளியைக் கையில் எடுக்கக் கூடாது. ஸ்கேனர் உள்ள மாடலாக இருந்தால் கண்ணாடியில் ஒரு தாளை வைத்து நேரடியாக நகல் எடுத்துப் பார்க்கலாம். ஸ்கேனர் இல்லாத பல மாடல்களிலும் மாடலுக்கு உரிய பட்டனை அழுத்தியபடி ஆன் செய்தால் நாசில் செக் தாள் தானாக வரும். அது சரியாக வந்தால் இயந்திரம் நன்றாக இருக்கிறது. யூஎஸ்பி ஒயர், டிரைவர், விண்டோஸின் அச்சு வரிசையில் சிக்கிக் கிடக்கும் பழைய கோப்பு இவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்று காட்டினால் பிரிண்டர் மெனுவில் அதற்கான டிக்கை எடுத்துவிட்டு, அச்சு வரிசையை நடத்தும் பிரிண்ட் ஸ்பூலரை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால் பெரும்பாலும் ஓடும். மிகப் பழைய மாடல்களுக்குப் புதிய விண்டோஸில் டிரைவர் கிடைக்காமல் போவதும் உண்டு.

லைட்டே எரியவில்லை என்றால் பிளக், பவர் கார்டு, பிறகு பவர் சப்ளை போர்டு என்ற வரிசையில் பார்க்க வேண்டும். டாங்க் பிரிண்டர் அச்சிடும்போது எடுக்கும் மின்சாரம் 10 முதல் 20 வாட் அளவில்தான். மைத்தூளைத் தாளில் சுட்டு ஒட்டவைக்கும் லேசர் பிரிண்டருக்கு நூற்றுக்கணக்கான வாட் வேண்டும். மின்தடை வரும் ஊர்களில் கடைக்காரர்கள் இங்க்ஜெட்டை விடாமல் வைத்திருக்க இது ஒரு நல்ல காரணம். சின்ன யூபிஎஸ்ஸிலேயே ஓட்டிவிடலாம்.

ஹெட் அடைப்பு

மையில் பெரும்பகுதி தண்ணீர். கூடவே சீக்கிரம் உலராமல் இருக்கக் கிளைக்கால் வகைப் பொருள்கள். தண்ணீர் ஆவியாகிப் போனால் எஞ்சியது பாகுபோல் இறுகி, தலைமுடியைவிடக் குறுகலான துளைகளை அடைத்துவிடும். சித்திரை வெயிலில், தகரக் கூரைக்கடியில், ஒரு வாரம் ஓட்டாமல் விட்ட பிரிண்டரில் இது எளிதாக நடக்கும். சாயம் கரைந்த டை மை தண்ணீர் பட்டால் மீண்டும் இளகும். நுண்துகள் கொண்ட பிக்மென்ட் மை இறுகினால் இளகுவது கடினம்.

ஹெட் உலராமல் காப்பது இயந்திரத்தின் வலப்பக்க ஓரத்தில் உள்ள ரப்பர் மூடி. அச்சு முடிந்ததும் ஹெட் அங்கே போய் அமர, மூடி எழும்பி நாசில்களை அடைத்துக்கொள்ளும். இந்த வேலை பிரிண்டரின் சொந்தப் பட்டனை அழுத்தி அணைத்தால்தான் ஒழுங்காக நடக்கும். கடை சாத்தும் அவசரத்தில் சுவர் சுவிட்சைத் தட்டிவிடும் பழக்கம் நம் ஊரில் எங்கும் உண்டு. அப்போது ஹெட் பாதி வழியில் நின்றால் இரவு முழுவதும் திறந்த வாயோடு காய்கிறது. இந்த ஒரு பழக்கத்தை மாற்றினாலே ஹெட் அடைப்புப் புகார் வெகுவாகக் குறையும். மூடியின் உதட்டில் காய்ந்த மை கட்டிதட்டியிருந்தால் அது சரியாகப் பொருந்தாது. பஞ்சுக் குச்சியில் காய்ச்சி வடித்த தண்ணீர் தொட்டுத் துடைத்துவிட வேண்டும்.

கோடு விழுந்தால் முதலில் நாசில் செக். சிறுசிறு கோடுகள் படிக்கட்டுபோல் இறங்கும் அந்தத் தாளில் எந்த நிறத்தில் எங்கே இடைவெளி என்று பார்த்து, ஒருமுறை கிளீனிங் கொடுத்து மறுபடி எடுக்க வேண்டும். இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் மை இளகுகிறது என்று பொருள். இடம் மாறி மாறி இடைவெளி வந்தால் உள்ளே காற்று இருக்கிறது. அதற்குக் கிளீனிங்கைவிடக் காத்திருப்பதே மருந்து. மூன்று முறைக்கு மேல் சரியாகவில்லை என்றால் அணைத்துவிட்டு மாடலுக்கு ஏற்ப 6 மணி நேரமோ 12 மணி நேரமோ சும்மா விட வேண்டும் என்றுதான் எப்சனின் கையேடுகளும் சொல்கின்றன. வாசலில் ஆள் நிற்கும்போது இந்தப் பொறுமை வருவது கஷ்டம். ஆனால் தொடர்ந்து பத்து முறை கிளீனிங் கொடுத்து மீண்ட ஹெட் அபூர்வம்.

கேட்ரிட்ஜோடு ஹெட் வரும் மாடல்களுக்குக் கைவைத்தியம் எளிது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த டிஷ்யூவை நான்காக மடித்து, கேட்ரிட்ஜின் நாசில் பக்கத்தை அதன்மேல் இரண்டு நிமிடம் வைக்க வேண்டும். டிஷ்யூவில் கறுப்பு ஒரு பட்டையாக ஊறி இறங்கினால் வழி திறந்துவிட்டது. வண்ணக் கேட்ரிட்ஜில் மூன்று பட்டை தெரிய வேண்டும். ஒன்று குறைந்தால் அந்த நிறம் தீர்ந்திருக்கும் அல்லது அடைந்திருக்கும். செம்புத் தகடுபோல் மின்னும் தொடுமுனைகளில் விரல் படக் கூடாது. 1977இல் இந்த முறை பிறக்கக் காரணமான அதே சிரிஞ்ச்தான் ரீஃபில் செய்கிறவரின் மேசையில் இன்றும் கிடக்கிறது. அதைக் கொண்டு ஹெட்டுக்குள் வேகமாகத் தண்ணீர் ஏற்றுவது மட்டும் வேண்டாம். நுண்சவ்வு கிழிந்தால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

பேட் ஃபுல்

கிளீனிங்கில் உறிஞ்சப்பட்ட மை ஒரு குழாய் வழியே அடியிலுள்ள பஞ்சில், அதாவது பேடில், இறங்குகிறது. எவ்வளவு இறங்கியது என்று பிரிண்டர் அளந்து பார்ப்பதில்லை. ஒவ்வொரு கிளீனிங்குக்கும் ஒரு கணக்கு வைத்து உள்நினைவில் கூட்டிக்கொண்டே போகிறது. கணக்கு எல்லையைத் தொட்டதும் நின்றுவிடும். கேனானில் 1700 என்ற எண் எச்சரிக்கை. 5பி00 வந்தால் முழு நிறுத்தம். எப்சனின் பல எல் வரிசை மாடல்களில் விளக்குகள் மாறி மாறி மினுக்கும். டாங்கில் மை ததும்பும், ஹெட் நன்றாக இருக்கும், ஆனால் ஒரு தாள் வராது. பிரிண்டர் செத்துவிட்டது என்று பலர் தவறாக முடிவுகட்டும் இடம் இதுதான்.

சர்வீஸ்காரர் சில நிமிடத்தில் ரீசெட் செய்துவிடுவார். அது கணக்கைத்தான் அழிக்கும், பஞ்சை அல்ல. பஞ்சை மாற்றாமலோ கழுவி உலர்த்தாமலோ ரீசெட் மட்டும் செய்தால் ஒருநாள் மை மேசையில் வழியும். போர்டில் இறங்கினால் கதை முடிந்தது. கழிவுக் குழாயை வெளியே இழுத்து ஒரு பாட்டிலில் விடுவது பல கடைகளின் வழக்கம். குழாய் மடங்காமலும் பாட்டில் பிரிண்டரைவிடத் தாழ்வாகவும் இருந்தால் அது நன்றாகவே வேலை செய்யும். கேனானின் ஜி3020 போன்ற பிந்தைய மாடல்களில் பயனரே கழற்றி மாற்றும் கழிவுப் பெட்டி வந்துவிட்டது. எல்லா மாடல்களிலும் தொடக்கத்திலேயே இதைச் செய்திருக்க வேண்டும்.

ரீசெட் மென்பொருளை முகம் தெரியாத தளத்திலிருந்து இறக்குபவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தக் கம்ப்யூட்டரில் ஊர் மக்களின் ஆதார் ஸ்கேனும் வங்கிப் புத்தக நகலும் கிடக்கின்றன. வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டு நிறுவச் சொல்லும் ஒரு கோப்புக்காக அவற்றைத் திறந்துவிடுவது நியாயமல்ல. இணையத்தோடு சேராத, சொந்தக் கோப்பு எதுவும் இல்லாத பழைய லேப்டாப் ஒன்றை இதற்கென்றே வைத்திருப்பது நல்லது.

தாள் இழுக்காமை, ஹெட் நகராமை

மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்து ஒன்றோடொன்று ஒட்டும். கட்டைப் பிரித்து விசிறிவிட்டு வைத்தால் போதும். தாளை இழுக்கும் ரப்பர் உருளை வழவழத்துப்போனால் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பின்பக்கத் தட்டு வழியே குண்டூசி, பேனா மூடி, நாணயம் விழுந்து கிடப்பது சர்வ சாதாரணம். டார்ச் அடித்துப் பார்க்காமல் கியரைக் கழற்றாதீர்கள். ஹெட் ஓரத்தில் போய் ‘டக்’ என்று இடித்து நின்றால், அதன் பாதையில் ஓடும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் நாடாவில் மையோ கிரீஸோ பட்டிருக்கும். ஹெட் தான் இருக்கும் இடத்தை அறிவது அதிலுள்ள நுண்கோடுகளால்தான். தண்ணீர் தொட்ட மெல்லிய துணி போதும். ஸ்பிரிட் போட்டால் கோடுகளே அழியக்கூடும்.

மலையிலிருந்து இறக்குவதும், கழிப்பதும்

டாங்க் பிரிண்டரைச் சர்வீசுக்குப் பஸ்ஸில் கொண்டுவருகிறவர்கள் அதைச் சாய்த்து வைக்கக் கூடாது. கொண்டை ஊசி வளைவுகளில் மை குழாய் வழியே ஹெட்டுக்குள் வழிந்து, இல்லாத பழுதையும் சேர்த்துவிடும். டிரான்ஸ்போர்ட் லாக் உள்ள மாடலில் அதைத் திருப்பி மூடி, மடியிலோ சமதளத்திலோ வைத்துக் கொண்டுவர வேண்டும். சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறவர் கையில் இருக்கும் அச்சுத்தாளுக்கும் இதே அக்கறை தேவை. டை மையில் அச்சிட்ட சான்றிதழ் மழையில் நனைந்தால் கரைந்துவிடும் என்பதால், கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுப்பது நல்லது.

ஹெட் கருகி, மாற்றும் செலவும் கட்டுப்படாவிட்டால் இயந்திரத்தைக் கழித்துவிடலாம். 2022இல் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின் கீழ் பிரிண்டரும் கேட்ரிட்ஜும் மின்கழிவாகவே கணக்கிடப்படுகின்றன. குப்பையோடு கொளுத்தக் கூடாது. கழிப்பதற்கு முன் பவர் சப்ளை, இழுவை உருளை, ரப்பர் மூடி, நுண்கோட்டு நாடா ஆகியவற்றைக் கழற்றி மாடல் எண் எழுதி டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். அதே மாடல் அடுத்த தெருக் கடையில் ஓடிக்கொண்டிருந்தால், கள்ளக்குறிச்சிக்குப் போகாமலே அதைச் சரிசெய்ய இவை உதவும்.