காமா கேமரா

நோயாளியின் உடலுக்குள் செலுத்திய கதிரியக்க மருந்து வெளியிடும் காமா கதிர்களைப் பிடித்துப் படமாக்கும் கருவி. அமெரிக்காவின் பெர்க்லியில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டோனர் ஆய்வகத்தில் ஹால் ஆங்கர் (1920–2005) இதை உருவாக்கி 1958-இல் வெளியிட்டார்.

இதன் வேர் நியூ ஜெர்சியில் இருக்கிறது. சிறிது தாலியம் கலந்த சோடியம் அயோடைடு படிகம் காமா கதிர் பட்டால் பளிச்சிடும் என்பதை 1948-இல் அங்குள்ள பிரின்ஸ்டனில் ராபர்ட் ஹோஃப்ஸ்டாட்டர் கண்டறிந்தார்.

ஆங்கரின் முதல் கருவியில் அத்தகைய 4 அங்குலப் படிகமும் 7 ஒளிப்பெருக்கிக் குழாய்களும் இருந்தன. அதற்குமுன் ஒரே உணர்கருவியை உடலின்மேல் வரிவரியாக நகர்த்தியே படம் எடுத்தார்கள். ஆங்கரோ ஒவ்வொரு மினுக்கலையும் பல குழாய்களைப் பார்க்கவைத்தார். எதில் எவ்வளவு ஒளி விழுந்தது என்று ஒப்பிட்டால் கதிர் பட்ட இடம் தெரிந்துவிடும். எளிமையே இவ்வடிவமைப்பின் மேதைமை.

காமா கதிரை வில்லையால் குவிக்க முடியாது. ஆகவே படிகத்தின் முன் துளைகள் நிறைந்த ஈயத்தகடு வைக்கப்படுகிறது. துளையைக் குறுக்கினால் படம் கூர்மையாகும், ஆனால் உள்ளே வரும் கதிர் குறையும். வடிவமைப்பாளரின் தீராத இழுபறி இதுதான். படிகத் தடிமனிலும் இதே சிக்கல் உண்டு: தடித்தால் அதிகக் கதிர் பிடிபடும், ஆனால் கூர்மை குறையும். மருந்தில் சேர்க்கும் கதிரியக்கத் தனிமமான டெக்னீசியம்-99எம் தரும் 140 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிருக்குச் சுமார் 9.5 மில்லிமீட்டர் வழக்கம்.

காமா கதிரை ஒளியாக மாற்றாமல் நேரே மின்துடிப்பு தரும் காட்மியம் துத்தநாக டெல்லூரைடு உணர்கருவிகள் இன்று இதயப் படமெடுப்பில் பயன்படுகின்றன. ஆற்றலை இவை துல்லியமாகப் பிரித்தறியும், விலைதான் அதிகம்.