பிசிறு கூட்டும் நேரம்

எங்கள் வீட்டை நினைத்து நான் வெட்கப்பட்டிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது, நோட்டு வாங்க வந்த தோழியை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டேன். அவிநாசிபாளையத்தில் நாங்கள் குடியிருந்தது லைன் வீடு. பத்துக்குப் பத்தில் ஓர் அறை, அதை ஒட்டி ஒரு சமையல்கட்டு. கட்டில் மேலே பனியன் கட்டு, கட்டிலுக்கு அடியிலும் பனியன் கட்டு. தலையணையில், தண்ணீர்க் குடத்தின் விளிம்பில், சில நாள் சோற்றிலும் நூல் பிசிறு. அப்பா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இது வூடா, குப்பைமேடா?" என்பார். அம்மா பதில் சொல்லமாட்டார். டிரிம்மரைக் கீழே வைக்காமல் காலால் ஒரு கட்டை நகர்த்தி அவர் உட்கார இடம் செய்துகொடுப்பார்.

அந்தக் கட்டுகளில்தான் என் பள்ளிக் கட்டணம் இருந்தது என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் வெட்கப்பட்டேன். ஒரு வீடு எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்ற கேள்வி பல வருடங்கள் கழித்துத்தான் வந்தது.

முதலில் சொன்னது அம்மாயி. அவர் வாழ்ந்த ஓட்டு வீட்டைப் பற்றிப் பேசினால் கோயிலைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். விடிவதற்குள் வாசல் தெளித்துக் கோலம், வெள்ளிக்கிழமை சாணி போட்டு வழித்த தரை, தையில் நோம்பிக்கு வெள்ளையடித்துப் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் செருகிக் காப்புக் கட்டுவது. அடசலே இல்லாத வீடு. இருக்காதுதான், அந்த வீட்டில் பொருளே கொஞ்சம். தவலை, அண்டா, இரண்டு மூங்கில் கூடை, துணிக்கு ஒரு கொடி, மிச்சத்துக்குப் பரண். இன்னொன்றையும் அம்மாயி போகிறபோக்கில் சொல்வார்: கட்டுத்தரையைக் கூட்டிச் சாணி அள்ளியது அருந்ததியர் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பெண். அள்ளிய சாணி எங்கள் தரைக்கு வந்தது. அள்ளியவர் எங்கள் வாசற்படி தாண்டி வந்ததில்லை. கூலியாகக் கிடைத்த பழையசோற்றை வெளியே உட்கார்ந்து குடித்துவிட்டுப் போவாராம். அவர் எப்போது தன் வீட்டைக் கூட்டினார் என்று அம்மாயிக்குத் தெரியாது. அவர் பெயரும் நினைவில் இல்லை. வாசலில் போட்ட கோலங்களின் பெயர்கள் எல்லாம் நினைவிருந்தன.

அடுத்துச் சொன்னது பாடப்புத்தகம். 'மனையியல்' என்று ஒரு பாடம் இருப்பதையும், அது பெண்பிள்ளைகளுக்கானது என்பதையும் யாரும் விளக்காமலே புரிந்துகொண்டோம். அதன் வரலாறு நீளமானது. அமெரிக்காவில் கேத்தரின் பீச்சர் 1841இல் இல்லப் பொருளாதாரம் பற்றி எழுதிய நூல் வீட்டு நிர்வாகத்தைப் பெண்களின் தொழிலாகவே வகுத்தது. 1913இல் கிறிஸ்டின் ஃபிரடெரிக் தொழிற்சாலையின் நேரக் கணக்கை அடுப்படிக்குக் கொண்டுவந்தார்: பாத்திரம் கழுவ எத்தனை அடி நடக்கிறோம், எதை எங்கே வைத்தால் நடை குறையும் என்று. அந்த யோசனையை வளர்த்து 1926இல் கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி ஃபிராங்க்ஃபர்ட் நகரின் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு ஒரு சமையலறை வடிவமைத்தார். கை நீட்டினால் எல்லாம் எட்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். பெண்களின் வேலை குறைய வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த அறையில் நிற்கப்போவது ஒரே ஓர் ஆள், அதுவும் பெண் என்பது வரைபடத்திலேயே முடிவாகிவிட்டது. அந்தச் சமையலறை மட்டும் சுமார் எழுபது சதுர அடி. எங்கள் நால்வரின் படுக்கை, படிப்பு, தொழில் எல்லாம் நூறு சதுர அடிக்குள்.

இங்கே அகில இந்தியப் பெண்கள் மாநாட்டின் முயற்சியில் 1932இல் தில்லியில் லேடி இர்வின் கல்லூரி வந்தது. கோவையில் தி.சு. அவினாசிலிங்கம் 1957இல் மகளிர் மனையியல் கல்லூரியைத் தொடங்கினார். இந்தக் கல்லூரிகளை ஏளனம் செய்வது எளிது. நான் செய்யமாட்டேன், வெளியே அனுப்பத் தயங்கிய குடும்பங்கள் 'வீட்டுக்கு உதவும் படிப்பு' என்பதால்தான் பல பெண்களைக் கல்லூரிக்கு விட்டன. ஊட்டச்சத்து படித்து வேலைக்குப் போனவர்களும் ஏராளம். ஆனால் அந்தப் பாடத்தின் வீட்டில் வெளியுலகம் வாசலோடு நின்றுவிடுகிறது. கம்பெனி கட்டிலுக்கு அடியில் வந்து படுத்துக்கொள்ளும் வீட்டுக்கு அதில் இடமில்லை.

திருப்பூரில் கம்பெனி வீட்டுக்குள் வந்த கதை பெரிய கதை. 1970கள் வரை பனியன் கம்பெனிகளில் ஆண்களே பெரும்பான்மை. ஏற்றுமதி பெருகிய 1980களில் பெண்கள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். அதிகமும் கைமடிக்க, பிசிறு வெட்ட, செக்கிங், பேக்கிங். வேலைகள் சின்னச் சின்ன யூனிட்டுகளுக்குப் பிரிந்து, அங்கிருந்து சுற்றுக் கிராமங்களுக்கு நகர்ந்தன. காலையும் மாலையும் எங்கள் ஊர் வழியாகப் போகும் வேன்களில் ஆட்கள் கம்பெனிக்குப் போனார்கள். டெம்போக்களில் கட்டுகள் எங்களிடம் வந்தன. கைக்குழந்தை இருந்ததால் ஒன்றரை ஷிப்டுக்குப் போக முடியாத அம்மா போன்றவர்களுக்குப் பீஸுக்கு இத்தனை பைசா என்று கணக்கு. இடம், விளக்கு, குப்பை மூன்றும் எங்களுடையவை.

மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட 'நர்சாபூரின் லேஸ் பின்னும் பெண்கள்' நூலைப் படித்தபோது அம்மா அங்கே உட்கார்ந்திருந்தார். ஆந்திரத்தின் அந்தப் பெண்கள் பின்னிய லேஸ் உலகச் சந்தைக்குப் போனது. அவர்களோ 'வீட்டில் சும்மா இருக்கும் இல்லத்தரசிகள்', ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள் என்றே கருதப்பட்டார்கள். குறைந்த கூலிக்கு அந்தப் பெயரே காரணமாயிற்று. ரேஷன் கார்டுக்காக வந்தவர் கேட்டபோது எங்கள் அப்பாவும் அதைத்தான் சொன்னார்: "சும்மாதானுங்க இருக்குது." வீட்டிலிருந்து செய்யும் கூலிவேலையைத் தொழிலாக ஏற்கும் 177ஆம் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் நிறைவேற்றியது. இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை.

நான் குப்பைமேடு என்று நம்பிய வீட்டில் எவ்வளவு ஒழுங்கு இருந்தது என்பதை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். கட்டு வாசற்படி தாண்டும்போதே எண்ணி நோட்டில் எழுதிவிடுவார்; உள்ளே வந்தபின் குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். வெட்டாதது கட்டிலின் தெற்கே, வெட்டியது வடக்கே. இரண்டும் கலக்கக் கூடாது, நாங்கள் நடுவில் படுத்திருந்தாலும். அடுப்புப் பற்றவைக்கும் முன் சமையல்கட்டுப் பக்கம் ஒரு தடவை பிசிறு எடுப்பார். சீமாறு போட்டால் பஞ்சு பறக்கும், சீமாற்றிலேயே சுற்றிக்கொள்ளும்; அதனால் ஈரத்துணியை உருட்டி ஒற்றி எடுப்பார். இதை எந்த மனையியல் ஆசிரியையிடமும் நான் கேட்டதில்லை. எடுத்த பிசிறு ஒரு சாக்கில், வெட்டுத்துணி இன்னொரு சாக்கில். படுக்கும் முன் டிரிம்மர் உயரத்தில் ஆணியில் தொங்கும், தவழ்கிற தம்பிக்கு எட்டாமல். ஒரு நாளும் இது தவறியதில்லை. மறுநாள் புதுக் கட்டு வந்துவிடுவதால் யார் கண்ணுக்கும் தெரிந்ததுமில்லை.

ஒரே ஒரு தடவை எங்கள் வீடு சுத்தமாக இருந்தது. 2011 ஜனவரி 28 அன்று, நொய்யலில் சாயக்கழிவு கலப்பதற்காகத் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நொய்யலுக்கு நேர்ந்ததைப் பார்த்தவர்கள் யாரும் அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் துணி சாயத்துக்குப் போகாமல் நின்றது, தையல் நின்றது, எங்களுக்குக் கட்டு வருவது நின்றது. அம்மா அறையைக் கழுவிவிட்டார். கட்டில் முழுசாகத் தெரிந்தது. அப்பா உள்ளே வந்து எங்கே உட்காருவது என்று தெரியாதவர்போல நின்றார். அவருக்கும் வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை. அந்த மாதம் வீட்டைக் குப்பைமேடு என்று யாரும் சொல்லவில்லை. வட்டிக்காரர் வந்தபோது அம்மா அந்தச் சுத்தமான தரையில் உட்கார்ந்துதான் தவணை கேட்டார்.

2019இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். செய்யும் ஆண்கள் 97 நிமிடம். அப்படிச் செய்யும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். 2023 ஜூனில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வெளிநாட்டில் உழைத்த கணவர் வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். அதை வாசித்துக் காட்டியபோது, "நம்மகிட்ட பங்கு போட என்ன இருக்குது கண்ணு?" என்று அம்மா சிரித்தார்.

இப்போது வீட்டை ஒழுங்காக வைப்பது பற்றி ஊரெல்லாம் வீடியோ. ஒரு பொருள் வந்தால் ஒரு பொருள் போகட்டும், தினம் பத்து நிமிடம் ஒதுக்குங்கள், மகிழ்ச்சி தராததை விட்டுவிடுங்கள். அடசலை நீக்குவதை உலகத்துக்கே கற்றுத்தந்த மரி கோண்டோ, மூன்றாவது குழந்தைக்குப் பிறகு தன் வீட்டில் ஓரளவு கைவிட்டுவிட்டதாக 2023இல் சொன்னார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அவர்மேல் முதன்முறையாகப் பிரியம் வந்தது.

தம்பி மனைவி செக்கிங் வேலைக்குப் போகிறாள். இரவு எட்டரைக்கு முடித்து, வேனில் இறங்கி வீட்டுக்கு வர ஒன்பதரை ஆகும். சாப்பிட்டுவிட்டு அந்த வீடியோக்களைப் பார்ப்பாள். ஒரு நாள் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தம்மா வூட்ல ஆரு சோறாக்கறாங்களாமா?" என்று கேட்டார். அவள் ஃபோனை அணைத்துவிட்டுச் சிரித்தாள்.

பரண்மேல் ஒரு சாக்கு வெட்டுத்துணி இன்னும் இருக்கிறது. அம்மாவுக்கு அதைப் பின்னிக் கால்மிதி செய்ய வேண்டும். தம்பி மனைவிக்கு அதைத் தூக்கிப் போட்டு அந்த இடத்தில் பிள்ளையின் புத்தகங்களை வைக்க வேண்டும். இருவரும் பேசி, பாதி கால்மிதிக்கு, பாதி வேஸ்ட் வாங்குகிறவருக்கு என்று முடிவு செய்துவிட்டார்கள். சாக்கை இறக்கித் தரச் சொல்லித் தம்பியிடம் மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை என்கிறான்.